ஸ்ப்ரூஸ் கேட்ட பேரனும் நர்சரி கொடுத்த மரமும்

போன மாதக் கூட்டம் என் தோட்டத்தில்தான் நடந்தது. மாமரத்தடியில் உட்கார்ந்து மூடாக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சத்திரப்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வீட்டு வாசலைக் காட்டி, “அண்ணாச்சி, இயற்கை விவசாயம்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. காய்க்காத, பூக்காத கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தண்ணி ஊத்துறீங்களே, இது நியாயமா?” என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு முழுசாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த மரம் எப்படி வந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மகள் குடும்பம் கனடாவில் இருக்கிறது. நான் பேங்க் வேலையிலிருந்து 2016இல் ஓய்வு பெற்று, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மலையைப் பார்த்த மாதிரி இருக்கும் நாலு ஏக்கரில் குடியேறிய மறுவருஷம் பேரன் வந்தான். அப்போது அவனுக்கு ஆறு வயசு. மா, தென்னை, எலுமிச்சை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, “தாத்தா, எங்க வீட்டு முன்னாடி இருக்கிற மாதிரி ஒரு ஸ்ப்ரூஸ் மரம் இங்க ஏன் இல்ல?” என்றான். அடுத்த தடவை நீ வரும்போது இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கடன் மனுவைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஸ்ப்ரூஸ் எனக்குத் தெரியாத மரம் இல்லை. பதவி உயர்வில் இரண்டு வருஷம் சிம்லாவில் தூக்கிப் போட்டிருந்தார்கள். அங்கே அதை ‘ராய்’ என்பார்கள். நார்கண்டா பக்கம் போனால் தேவதாருவுக்கு மேலே, தொங்கும் கிளைகளோடு கோபுரம் மாதிரி நிற்கும். அதன் ஊசியிலை ஒன்றைக் கிள்ளிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் உருளும், ஏனென்றால் அது நாலு பட்டையாக இருக்கும். பக்கத்திலேயே நிற்கும் ஃபர் மரத்தின் இலை தட்டை, உருளாது. ஸ்ப்ரூஸின் காய் கிளையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். ஃபர் காய் மெழுகுவர்த்தி மாதிரி மேல்நோக்கி நிற்கும். அட்டைப்பெட்டி வருமுன் ஆப்பிள் பெட்டிகள் செய்ய இந்த மரங்களைத்தான் அறுத்தார்கள். ஆப்பிள் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்த கிளையில் வேலை பார்த்ததால் பெட்டிக்கணக்கு எனக்கு அத்துப்படி.

இவ்வளவும் தெரிந்திருந்தும் இன்டர்நெட்டில் ‘நீல ஸ்ப்ரூஸ்’ விதை ஒரு பாக்கெட் வாங்கினேன். மனசு ஆசைப்பட்டால் படிப்பு எங்கே நிற்கும்? விதையை ஈரமணலில் கலந்து நாலு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். விதைக்குக் குளிர்காலம் முடிந்த மாதிரி ஒரு ஏமாற்று வேலை. இருபதில் பதினொன்று முளைத்தது. பச்சைக்குடை விரித்த மாதிரி அத்தனை அழகு. நாற்றழுகலில் ஏழு போயிற்று. மிச்சம் நாலையும் நிழல்வலைக்குள் வைத்து, ஈரச்சாக்கு சுற்றி, மாசி பிறந்ததும் தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டிகூட அடுக்கினேன். வீட்டம்மா, “பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீங்க இப்படி ராத்திரி முழிச்சதில்லை” என்றாள். பங்குனி கடைசியில் நாலும் செம்பட்டையாகி உதிர்ந்தன.

ஏன் செத்தன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இன்றைக்கும் அந்த விதை விற்கிறது, நம் ஆட்களே வாங்குகிறார்கள். நீல ஸ்ப்ரூஸ் அமெரிக்காவின் ராக்கி மலைக்காரன். நார்வே ஸ்ப்ரூஸ் ஐரோப்பாவின் குளிர்நாட்டுக்காரன். நம் நாட்டு ராய் மேற்கு இமயத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல்தான் குடியிருக்கும். இந்த இனத்துக்கு வருஷத்தில் சில மாதம் தூக்கம் வேண்டும். நன்றாகக் குளிர் பட்டு, பிறகு வெயில் வந்தால்தான் மொட்டு ஒழுங்காக உடையும். ராஜபாளையத்தில் மார்கழி விடியற்காலையில் நாம் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டாலும் அது இருபது டிகிரியை ஒட்டிய குளிர்தான். அந்த மரத்துக்கு அது கோடைக்காலம். இன்னொன்று ராத்திரிக் கணக்கு. பகலில் இலை சம்பாதிப்பதை ராத்திரி மரம் மூச்சு விட்டுச் செலவழிக்கிறது. ராத்திரி எவ்வளவு வெதுவெதுப்போ அவ்வளவு செலவு. சித்திரை ராத்திரியில் நம் ஊரில் செலவு வரவைத் தாண்டிவிடும். இருப்பு கரைந்ததும் கணக்கு முடிந்தது. வேரும் மேலாகப் பரவும் வேர், சூடேறிய மண் அதற்கு ஆகாது. அதோடு அந்த வேர் அதன் காட்டு மண்ணிலுள்ள பூஞ்சைகளோடு கூட்டுக்குடித்தனம் நடத்தி வாழ்வது. நாம் எத்தனை லிட்டர் பஞ்சகவ்யம் தெளித்தாலும் இதில் எதையும் மாற்ற முடியாது.

அடுத்துதான் நர்சரிக்குப் போனேன். எந்த நர்சரி என்று சொல்லவில்லை, அது இங்கே முக்கியமில்லை. “ஸ்ப்ரூஸ் இருக்கா?” என்றதும், “இருக்கு சார், ஒரிஜினல்” என்று இரண்டடி உயரச் செடி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 350 ரூபாய். நட்சத்திரம் மாதிரி அடுக்கடுக்காகக் கிளை. இலையை உருட்டிப் பார்த்தேன், உருளவில்லை. மிருதுவாக, உள்வளைந்து, கயிறு முறுக்கின மாதிரி இருந்தது. அது அரக்கேரியா. நம்மூரில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இதுதான். ஸ்ப்ரூஸுக்கு ஒன்றுவிட்ட உறவு என்றுகூடச் சொல்ல முடியாது, குடும்பமே வேறு. பூர்வீகம் பசிபிக் தீவுகள். ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் 1774இல் நியூ காலிடோனியா, நார்ஃபோக் தீவு வழியாகப் போனபோது கப்பலிலிருந்து கண்ட உயரமான மரங்கள் இவைதான். ஒன்றுக்கு நார்ஃபோக் தீவுப் பைன் என்று பெயர், இன்னொன்றுக்கு குக் பைன். சின்னச் செடியில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். வெப்ப நாடுகளில் நார்ஃபோக் என்று பெயர் சொல்லி விற்பதில் நிறைய குக் பைன்தான்.

தெரிந்தேதான் வாங்கினேன். ஆனால் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அதே செடியை ஸ்ப்ரூஸ் என்று நம்பி, ‘குளிர்ச்சி வேணும்’ என்று ஏசி ரூமில் வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு போனார். வெயிலில் வளர வேண்டிய செடி! இருட்டில் வைத்தால் கீழ்க்கிளை பழுத்து விழும், விழுந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. பெயரைத் தப்பாகச் சொல்லி விற்பது சின்ன விஷயம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். பெயர் தப்பினால் பராமரிப்பும் தப்பும். பேங்கில் இருந்தபோது 90களில் தேக்குமரத் திட்டத்தில் பணம் போட்டவர்களையும், பிறகு 2012 வாக்கில் ஈமு கோழியில் போட்டவர்களையும் மேஜைக்கு எதிரில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். எங்கிருந்தோ வந்த உயிர், அது இங்கே என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. நோட்டீஸில் போட்டிருந்ததை நம்பினார்கள், அவ்வளவுதான். 350 ரூபாய்ச் செடியில் யாரும் திவாலாக மாட்டார்கள். ஆனால் பழக்கம் ஒன்றுதான். செடிப்பையில் மரத்தின் சரியான தாவரப் பெயரையும், எவ்வளவு உயரம் போகும் என்பதையும் எழுதி ஒட்டாமல் விற்கக் கூடாது என்று தோட்டக்கலைத் துறை விதி கொண்டுவர வேண்டும். நம் இயக்கம் இதைக் கேட்க வேண்டும்.

சரி, வளர்த்த கதை. ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டேன். எங்கள் பக்கம் செவல் மண், தண்ணீர் நிற்காது. இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரமும் கரையானுக்காக இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடினேன். கிழக்கே கரிசலில் வைப்பவர்கள் குழிக்குள் நடாமல் ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். வேரில் தண்ணீர் நின்றால் இந்த மரம் தாங்காது. வீட்டுச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி, மின்கம்பி எதுவும் மேலே போகாத இடமாகப் பார்த்தேன். தொட்டியில் பார்த்துவிட்டு இது பொம்மை மரம் என்று நினைக்காதீர்கள். சொந்த ஊரில் ஐம்பது மீட்டருக்கு மேல் போகிற மரம். மாடி வீட்டு ஜன்னலை ஒட்டி நட்டவர்கள் பத்து வருஷம் கழித்து நுனியை வெட்டுகிறார்கள். வெட்டினால் அந்தக் கோபுர அழகு போனது போனதுதான்.

இன்னொரு விஷயம், சிலர் பக்கக்கிளையை வெட்டிப் பதியன் போடுகிறார்கள். வேர் பிடிக்கும், ஆனால் கடைசிவரை படுக்கைவாட்டில்தான் வளரும், நிமிராது. தான் கிளையாகப் பிறந்தோம் என்பதை அது மறப்பதில்லை. நுனிக்குருத்தில் எடுத்தால் மட்டும்தான் நேராக வரும், அதற்குத் தாய்மரத்தின் தலையை வெட்ட வேண்டும். ஆகவே விதைச்செடியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே பையில் இரண்டு மூன்று செடி அடர்த்தியாக இருந்தால் அழகு என்று ஏமாறாதீர்கள், ஒன்றை விட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும்.

முதல் கோடையில் மேற்குப் பக்கம் மட்டும் தென்னங்கீற்று மறைப்பு. வாரம் இரண்டு தடவை இருபது லிட்டர். மாதம் ஒருமுறை அமிர்தகரைசல், ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து. தூரைச் சுற்றிக் காய்ந்த மாவிலை அரை அடிக்கு மூடாக்கு, தண்டைத் தொடாமல். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாக வரும் காற்று நம் ஊரில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் மூன்று நட்டு, பழைய சைக்கிள் டியூபால் தளர்வாகக் கட்டினேன். ஒரு தடவை மாவுப்பூச்சி வந்தது. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கரைத்து மூன்று தடவை சாயங்கால வேளையில் அடித்ததும் போய்விட்டது. அதோடு சரி. இரண்டு வருஷம் தாண்டினால் அது பாட்டுக்கு வளர்கிறது.

அந்த முதல் கோடைதான் சோதனை. 2019 யாருக்கும் மறந்திருக்காது. என் போர்வெல் இருபது நிமிஷம் ஓடி நின்றுவிடும். புதிதாக நட்ட எலுமிச்சை அறுபது கன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர் காய்த்துக்கொண்டிருந்த எலுமிச்சையையே விட்டுவிட்டார். அந்த நிலையில் அழகு மரத்துக்குத் தண்ணீர் விட எனக்கு மனசு வரவில்லை. நிறுத்திவிட்டேன். பேரனிடம் போனில், ‘நல்லா இருக்குடா’ என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தால் கீழடுக்கு பழுப்படித்துக்கொண்டிருந்தது. செத்துவிடும் என்றே முடிவு கட்டினேன். மூன்று வாரம் கழித்துப் பார்க்கிறேன், மேலே புதுக்குருத்து! தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா தினமும் பாத்திரம் கழுவின தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் அதன் தூரில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். “ஏம்மா?” என்றதற்கு, “சின்னவர் வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்” என்றார். வாக்குக் கொடுத்தவன் நான்!

அன்றிலிருந்து இதுதான் என் கணக்கு, கேள்வி கேட்ட தம்பிக்கும் இதுதான் பதில். அழகு மரத்துக்குப் பாசனத் தண்ணீர் கிடையாது, கழிவுத் தண்ணீர்தான். சமையலறை, குளியலறைத் தண்ணீர் தொட்டியில் தேங்கிக் கொசு வளர்க்காமல் மரத்துக்குப் போகிறது. சோப்பு அதிகமான தண்ணீர் மட்டும் கல்வாழைப் பாத்திக்கு. முதல் இரண்டு வருஷம் அந்த மரம் வாரத்துக்குக் குடித்தது 40 லிட்டர். கோடையில் காய்க்கும் தென்னை ஒன்றுக்குச் சொட்டுநீரில் ஒரு நாளைக்கே அதைவிட அதிகம் விடுகிறோம். ஆகத் தண்ணீரை வைத்து மட்டும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

காய்க்காத மரம் எதற்கு என்ற பாதிக் கேள்வி மிச்சம் இருக்கிறது. இதைக் கேட்கிற நாம் யார்? பெரியாழ்வார் நந்தவனம் போட்ட ஊர்க்காரர்கள். ஆண்டாள் கிடைத்ததே அந்தத் துளசிப் பாத்தியில்தான் என்று ஐதீகம். வாசலில் கண்ணுக்கு ஒரு பச்சை வேண்டும் என்பது பணக்காரப் புத்தி இல்லை. விவசாயி வீடு என்றால் குப்பைமேடும் மோட்டார் ரூமும் மட்டும்தான் என்று எவன் சொன்னது? என் தோட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் முதலில் ஓடுவது அந்த மரத்தடிக்குத்தான். அப்புறம்தான் மண்புழுத் தொட்டிக்கு வருகிறார்கள்.

ஆனால் ஒன்றோடு நிறுத்த வேண்டும், இதில் நான் கண்டிப்பு. என் அரக்கேரியாவில் இந்த ஏழு வருஷத்தில் ஒரு கூடு நான் பார்த்ததில்லை. அணில் ஏறுகிறது, இறங்குகிறது, தின்ன ஒன்றும் இல்லை. உதிரும் கிளைக்கயிறு லேசில் மட்காது. நம் மேற்கே இருப்பது சாதாரண மலை இல்லை. 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகவே சரணாலயமான மலை, 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. செண்பகத்தோப்புப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்த அணில் தரைக்கு வர அஞ்சும், கிளைக்குக் கிளை தாவியே போகும். அடிவாரத்து மாந்தோப்பும் புளியமரமும் அதற்குப் பாலம். அந்த வரிசையில் ஊசிக்கோபுரங்களை நட்டால் பாலம் அறுந்துவிடும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து புல்வெளியில் பைனும் சீகையும் யூகலிப்டஸும் வைத்து, இன்றைக்கு அதைப் பிடுங்கப் பாடுபடுகிறார்கள்.

இப்போது நம் இரண்டு ஊருக்கும் நடுவில் ரோட்டோரம் பிளாட் போடுகிறவர்கள் நுழைவாயிலுக்கு இருபுறமும் சீக்கிரம் பச்சை காட்டும் வெளிநாட்டு மரமாகப் பார்த்து நடுகிறார்கள். கோனோகார்ப்பஸைத்தான் சொல்கிறேன். குஜராத் அரசு 2023இல் அதை நடக்கூடாதென்று தடையே போட்டது. மகரந்தத்தால் சளி, ஆஸ்துமா வருகிறது, வேர் குழாய்களைக் கெடுக்கிறது என்று காரணமும் சொன்னது. வருஷம் முழுக்கப் பச்சையாக, ஒல்லியாக, உயரமாக மரம் வேண்டுமா? நெட்டிலிங்கம் இருக்கிறது. அசோகமரம் என்று தப்பாகச் சொல்கிறோமே, அதுதான். (இங்கேயும் பெயர்க் குழப்பம்!) அதன் பழத்துக்கு வௌவாலும் குயிலும் வருகின்றன, தளிரில் ஒரு பச்சைப்புள்ளி வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. நிழல் வேண்டுமென்றால் மகிழம், புன்னை. எல்லாம் பசுமை மாறா மரங்கள்தான். கூம்புத் தாவரமே நம் மலையில் இல்லையோ என்று கேட்பவர்களுக்காக: மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் கூம்புத் தாவரம் ஒன்றே ஒன்று உண்டு, நாகேயா என்ற மரம். தென்கோடிச் சோலைக்காடுகளில் இருக்கிறது. இலை ஊசியாக இல்லாமல் அகலமாக இருப்பதால் யாரும் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கவில்லை. தப்பித்தது!

ஆக வேலியோரம் 32 நெட்டிலிங்கமும் ஆறு மகிழமும் வைத்திருக்கிறேன். வாசலில் அரக்கேரியா ஒன்று. இப்போது பதினெட்டு அடி இருக்கும். கொஞ்சநாளாக அது தெற்கே லேசாகச் சாய்கிற மாதிரி பட்டது. காற்று வேலை என்று நினைத்து மறுபடி மூங்கில் கட்டினேன். பிறகுதான் படித்தேன். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்திருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவை தெற்கே சாய்கின்றன, தெற்கே இருப்பவை வடக்கே சாய்கின்றன. சராசரி எட்டு டிகிரிக்குச் சற்று மேல். அப்படியானால் என்னுடையது நார்ஃபோக் இல்லை, குக் பைனாகத்தான் இருக்க வேண்டும். மூங்கிலை அவிழ்த்துவிட்டேன்.

பேரன் இந்த மார்கழியில் வருகிறான். பதிமூன்று வயசாகிவிட்டது, போட்டோ பார்த்துவிட்டு, “தாத்தா, அது ஸ்ப்ரூஸ் இல்ல” என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். இலையை உருட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வந்ததும் மூங்கில் கம்பும் நூல்குண்டும் கொடுத்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அவனையே அளக்கச் சொல்ல வேண்டும்.